விரிசலைத் தேடும் திரவமே விரிசலை உண்டாக்கினால்?

உலோக உறுப்பு ஒன்றில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் உள்ளதா என்றறிய எளிய முறை ஒன்று உண்டு. உறுப்பை நன்கு துடைத்து, சிவப்புச் சாயம் கலந்த திரவத்தைப் பூசுவார்கள். திரவம் விரிசலுக்குள் புகுந்த பின், மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெண்பொடியைத் தூவுவார்கள். உள்ளே தங்கிய திரவத்தைப் பொடி உறிஞ்ச, விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். முற்காலத்தில் ரயில்வே பணிமனைகளில் எண்ணெயும் சுண்ணத்தூளுமே இவ்வேலைக்குப் பயன்பட்டன.

எஃகுக்கு ஏற்ற இம்முறையைப் பிளாஸ்டிக்குக்கும் அப்படியே கையாளலாமா? கூடாது.

அக்ரிலிக் பட்டை ஒன்றை வில்போல் வளைத்துக் கட்டி, அதன் புறவளைவில் ஆல்கஹாலைத் தடவினால், சற்று நேரத்தில் அங்கே வெள்ளி மயிரிழைகள் போன்ற கீற்றுகள் தோன்றக் காணலாம். வளைக்காத பட்டையிலோ அதே ஆல்கஹால் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஏன் இந்த வேறுபாடு?

பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் இடியாப்ப இழைகளைப் போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. திரவத்தின் சிறு மூலக்கூறுகள் இடையே நுழைந்து அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகின்றன. இழுவிசையும் இருந்தால் இழைகள் வழுக்கி விலகும். முதலில் தோன்றும் கீற்றுக்குள், இரு கரைகளையும் மெல்லிய நார்கள் இன்னும் பிணைத்திருக்கும். அந்நார்கள் அறுந்தால் கீற்று விரிசலாகிவிடும். இதில் வேதிவினை எதுவும் நிகழ வேண்டியதில்லை என்பதே வியப்பு! சோப்பு நீர்கூடப் பாலிஎத்திலீனை இவ்வாறு பிளக்க வல்லது. குழாய்களில் வாயுக் கசிவைக் கண்டறியத் தடவுவதும் சோப்பு நீரைத்தானே?

சுமை ஏற்றாத உறுப்புக்கு ஆபத்தில்லை என்று எண்ணிவிடலாகாது. அச்சில் வார்த்துக் குளிர்விக்கும்போதே உள்ளே தகைவு தங்கிவிடுவதுண்டு.

கண்ணாடி இழைகளையோ கரி இழைகளையோ பிசினில் பதித்துச் செய்யும் கூட்டுப்பொருள்களில், தாக்கப்படுவது இழைகளைப் பிணைக்கும் பிசினே. எப்பாக்சியில் மூலக்கூறுகள் குறுக்குப் பிணைப்புகளால் கட்டுண்டிருப்பதால் அது பெரிதும் தாங்கும். பாலிகார்பனேட்டுக்கு அந்த அரண் இல்லை. துடைக்கப் பயன்படும் அசிட்டோனே அதற்குப் பகை. இன்னொரு தொல்லையும் உண்டு. விரிசலுக்குள் புகுந்த திரவத்தை முழுவதும் வெளியேற்றுவது கடினம். அது தங்கிய இடத்தில் பழுதுபார்க்கும் பசை ஒட்டாது. விமானக் கூட்டுப்பொருள்களை மீயொலியால் ஆராய்கிறார்கள். சிறு சுத்தியால் தட்டி ஓசை வேறுபாட்டைக் கேட்பதும் உண்டு.

திரவத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமானால், முதலில் அதே பிளாஸ்டிக்கின் வேண்டாத துண்டு ஒன்றில் சோதிக்க வேண்டும். துண்டைத் தட்டையாக வைத்துத் தடவினால் போதாது. வளைத்துக் கட்டியே தடவ வேண்டும்.