முதல் ரோட் பைக்: அறுபதாயிரத்துக்குள் எதற்குக் காசு கொடுப்பது?

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சென்னை ஈசிஆரில் கோவளம் நோக்கிப் போகும் சைக்கிள் கூட்டத்தைப் பாருங்கள். வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், ஹெல்மெட். அந்த வரிசையில் உங்கள் டெலிவரி ஹெட் இருக்கலாம், அடுத்த கம்பெனியின் ஹயரிங் மேனேஜரும் இருக்கலாம். இரண்டு மணி நேரம் கூடவே மிதித்துவிட்டு டீக்கடையில் நிற்கும்போது நடக்கும் பேச்சு ஆபீஸ் கேன்டீனில் நடக்காது. அந்தக் கூட்டத்தில் இடம் பிடிக்க ஆசைப்படுவது நியாயமான ஆசைதான். உடம்பும் தேறும், ஆள் அறிமுகமும் கூடும்.

ஆனால் ஒன்று. அங்கே வருபவர்கள் சைக்கிளின் விலையைப் பார்த்து ஆளை எடைபோடுவதில்லை. இரண்டு லட்ச ரூபாய் சைக்கிளில் வந்து இருபதாவது கிலோமீட்டரில் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். முதல் சைக்கிளில் மூன்று விஷயங்களுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்: உங்கள் உடம்புக்குப் பொருந்தும் சைஸ், ஏற்றத்தில் காலைக் காப்பாற்றும் கியர், நம் ரோட்டைத் தாங்கும் டயர். மற்றதெல்லாம் அடுத்த அப்ரைசலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. தேவையை எழுதி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்

கடைக்குப் போய் 'நல்ல சைக்கிள் காட்டுங்க' என்றால், கடைக்காரருக்கு எதை விற்க வேண்டுமோ அதைத்தான் காட்டுவார். அது அவர் வேலை. உங்கள் வேலை, தேவையை மூன்று வரியில் எழுதி எடுத்துப் போவது. வாரத்துக்கு எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? ஆபீசுக்கும் இதிலேயே போவீர்களா? ஒரு வருஷத்தில் எங்கே போய்ச் சேர ஆசை?

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்லும் பதில் 200 கிலோமீட்டர் பிஆர்எம். பிரான்சின் ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன் விதிகளின்படி நம் ஊரிலும் நடக்கும் நெடுந்தூர ரைடு இது. பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அது ரேஸ் இல்லை, ரேங்க்கும் கிடையாது. சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் அந்த நேரத்துக்குள் அடக்கம். கணக்குப் போட்டால் மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர்கூட வராது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆறேழு மாதம் பழகினால் எட்டிவிடலாம். இப்படி ஓர் இலக்கு இருந்தால் சைக்கிளின் ஸ்பெக் தானாகவே தெளிவாகும். நாள் முழுக்க உட்கார முடிகிற பொசிஷன் வேண்டும், லைட் மாட்ட இடம் வேண்டும், இரண்டு பாட்டில் ஸ்டாண்டு வேண்டும். ரேஸ் வீரரைப்போலக் குனிந்து படுக்க வைக்கும் ஃபிரேம் வேண்டாம். எண்டியூரன்ஸ் ஜியாமெட்ரி உள்ள மாடல் எது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

2. கையில் 60,000 ரூபாய் இருந்தால், சைக்கிளுக்கு 48,000

ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, பேடு வைத்த ஷார்ட்ஸ், வீட்டுக்கு ஒரு ஃப்ளோர் பம்ப், வழிக்கு ஒரு சின்ன பம்ப், இரண்டு ட்யூப், டயர் லீவர், நல்ல பூட்டு. இவற்றில் எதையும் 'அடுத்த மாதம் பார்த்துக்கலாம்' என்று தள்ள முடியாது. மொத்தப் பணத்தையும் ஃபிரேமில் போட்டுவிட்டு ஹெல்மெட் இல்லாமல் வருபவரை எந்த நல்ல க்ரூப்பும் சேர்த்துக்கொள்ளாது. சேர்த்துக்கொள்ளவும் கூடாது.

இன்னொரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலை ஸ்டிக்கரைக் காட்டினால் பில்லில் வரி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் ப்ராசஸிங் ஃபீ எவ்வளவு, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி உண்டா, ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்று மூன்றையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. சைஸ்தான் முதல் ரவுண்டு. இதில் தேறாத சைக்கிளை அப்போதே கழித்துவிடுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது. கடையில் 56 சைஸ் மட்டும் மிச்சம் இருக்கும். 'சீட்டை இறக்கிக்கலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை' என்பார்கள். பிரச்சினை உண்டு. சீட்டை இறக்கினால் உயரம்தான் குறையும், ஹேண்டில்பாருக்கு இருக்கும் தூரம் குறையாது. கை நீண்டு, தோள் இறுகி, கழுத்து வலிக்கும். ஒரு மாதத்தில் சைக்கிள் பால்கனிக்குப் போய்விடும்.

போகும் முன் வீட்டிலேயே அளவெடுங்கள். வெறுங்காலில் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சைக்கிள் சீட் அழுத்துவதுபோல மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை உள்ளதுதான் உங்கள் இன்சீம். அதை 0.67 ஆல் பெருக்கினால் பழைய முறைப்படி ஃபிரேம் சைஸ் ஏறத்தாழ வரும். இன்சீம் 78 சென்டிமீட்டர் என்றால் 52. அதே இன்சீமை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள உயரம் கிடைக்கும். 78க்கு அது சுமார் 69 சென்டிமீட்டர். இரண்டும் தொடக்கப் புள்ளிகள்தான். இங்கிருந்து கொஞ்சம் மேலே கீழே நகர்த்தி உங்களுக்கு உகந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போதைய ஃபிரேம்களில் மேல்குழாய் சரிவாக இருப்பதால் ஒரு பிராண்டின் 52 இன்னொன்றின் 52 ஆகாது. சில பிராண்டுகள் எஸ், எம் என்றே போடுகின்றன. அதனால் ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். அதே நடு அச்சிலிருந்து ஹேண்டில்பார் பொருந்தும் குழாயின் உச்சிவரை செங்குத்தாக எவ்வளவு என்பது ஸ்டாக், கிடையாக எவ்வளவு என்பது ரீச். முதல் சைக்கிளுக்கு ஸ்டாக் கூடுதலாகவும் ரீச் குறைவாகவும் இருப்பது நல்லது. ஒவ்வொரு மாடலுக்கும் இந்த எண்கள் கம்பெனியின் ஜியாமெட்ரி சார்ட்டில் இருக்கும். இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் சின்னதை எடுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை நீளமானதாக மாற்றுவது சுலபம். பெரிய ஃபிரேமைச் சுருக்க வழி கிடையாது.

உயரம் 160 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதில் பிடிவாதமாக இருக்க வேண்டும். பல கடைகள் எக்ஸ்எஸ் சைஸை வைத்திருப்பதே இல்லை. 'இருக்கிறதிலேயே சின்னது இதுதான்' என்பதை ஏற்காதீர்கள். ஆர்டர் போடச் சொல்லுங்கள், மூன்று வாரம் ஆனாலும் காத்திருங்கள். ஹேண்டில்பார் உங்கள் தோள் அகலத்துக்கு இருக்கிறதா, பிரேக் லீவர் விரலுக்கு எட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிரேக் எட்டாத சைக்கிள் ஆபத்து.

4. கியர்: எத்தனை என்பதைவிட எது கடைசி என்று கேளுங்கள்

ஷிமானோவின் ரோடு வரிசையைக் கீழிருந்து மேலாகத் தெரிந்துகொள்ளுங்கள். டூர்னி, கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105. பின்சக்கரத்தில் முறையே 7, 8, 9, 10 பல்சக்கரங்கள். 105 மட்டும் மாடலைப் பொறுத்து 11 அல்லது 12. உங்கள் பட்ஜெட்டில் கிளாரிஸ் அல்லது சோரா வந்தால் போதும். அவற்றில் கியர் மாற்றம் நம்பகமானது, உதிரிபாகமும் சுலபமாகக் கிடைக்கும். டியாக்ரா ஆஃபரில் வந்தால் அதிர்ஷ்டம்.

டூர்னியில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஒரு திசையில் கியர் மாற்றக் கட்டைவிரல் பொத்தானைத் தேட வேண்டும். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்திருக்கும்போது அது எட்டாது. இரண்டாவது இன்னும் முக்கியம். ஏழு ஸ்பீடு சைக்கிள்கள் பலவற்றில் திருகி மாட்டும் ஃப்ரீவீல்தான் இருக்கும். கிளாரிஸிலிருந்து டியாக்ரா வரை பயன்படும் பல்சக்கரத் தொகுதியான கேசட்டுக்கு ஃப்ரீஹப் வேண்டும், ஃப்ரீவீல் சக்கரத்தில் அது ஏறாது. நாளைக்கு அப்கிரேடு என்று வந்தால் பின்சக்கரத்தையே மாற்ற வேண்டும். 'இதுல ஃப்ரீஹப்பா, ஃப்ரீவீலா?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வந்த உடனே உங்களிடம் பேசும் தோரணை மாறும்.

அடுத்து, முன்னால் 50-34 பல் கொண்ட காம்பாக்ட் கிராங்க் இருக்க வேண்டும். பின்னால் மிகப் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 ஆக இருக்க வேண்டும். முன்னே 34, பின்னே 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும். பின்னே 28 என்றால் 2.6 மீட்டர். காகிதத்தில் அரை மீட்டர்தான். ஏலகிரியின் 14 ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் அந்த அரை மீட்டர்தான் மிதித்துப் போகிறவரையும் தள்ளிக்கொண்டு போகிறவரையும் பிரிக்கும்.

5. டயரும் பிரேக்கும்

ஃபிரேமுக்குள் 28 மில்லிமீட்டர் டயர் நுழைய வேண்டும். 32 நுழைந்தால் மிக நல்லது. ஸ்பீட் பிரேக்கர், ஓரத்து மணல், மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய ஒட்டு, மழைக்குப் பிந்தைய ஓஎம்ஆர் சர்வீஸ் ரோடு ஆகிய எல்லாவற்றிலும் 23 மில்லிமீட்டர் டயர் உங்கள் மணிக்கட்டையும் ட்யூபையும் சேர்த்துப் பதம் பார்க்கும். 70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயருக்கு 80 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அதுவரை அடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாரம் ஒருமுறை காற்றைச் சோதித்தாலே பஞ்சர் குறையும்.

பிரேக்கில் என் தீர்ப்பு இது: வார இறுதியில், வெயிலில் மட்டும் ஓட்டுபவருக்கு ரிம் பிரேக் போதும். எடை குறைவு, விலை குறைவு, தெருமுனை மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையிலும் ஆபீசுக்கு மிதிப்பவர் டிஸ்க் எடுக்க வேண்டும். இந்த பட்ஜெட்டில் வருவது பெரும்பாலும் கேபிள் இழுக்கும் மெக்கானிகல் டிஸ்க். நனைந்த ரோட்டில் அதுவே தெம்பு தரும். ஆபீஸ் கம்யூட் என்றால் மட்கார்டு, ரேக் மாட்டத் திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முதுகுப்பையில் லேப்டாப்பைச் சுமந்து, வியர்வையில் நனைந்த சட்டையோடு ஒன்பதரை ஸ்டாண்ட்-அப்பில் நிற்பது நல்ல இம்ப்ரெஷன் இல்லை. அட்மின் டீமிடம் பார்க்கிங், ஷவர் வசதியை முன்பே விசாரித்துவிடுங்கள்.

6. அலுமினியம் போதும்

அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், பத்து பதினோரு கிலோ எடை. இந்த பட்ஜெட்டுக்கு இதுவே சரி. பெயர் தெரியாத பிராண்டின் மலிவான முழுக் கார்பன் வேண்டாம். நான்கு கிலோ எடையைச் சைக்கிளில் குறைக்க லட்சங்கள் வேண்டும். உங்கள் உடம்பில் குறைக்க ஓட்டினால் போதும்.

7. பேரம்

விலையைக் குறைக்கச் சொன்னால் 'மார்ஜின் இல்லை சார்' என்பார்கள். அது பல நேரம் உண்மை. ஆகவே பொருளாகவும் வேலையாகவும் கேளுங்கள். ஸ்டெம் மாற்றித் தருவது, சைஸுக்கு ஏற்ப ஃபிட் செய்து தருவது, முதல் மூன்று மாத சர்வீஸ், பாட்டில் ஸ்டாண்டு, இரண்டு ட்யூப். இவை கடைக்காரருக்குச் சின்னச் செலவு, உங்களுக்குப் பெரிய மிச்சம். பணம் கட்டும் முன் கேட்டால்தான் கிடைக்கும். போன வருஷ மாடல் கலரில் மட்டும் வேறுபட்டால் தயங்காமல் அதை எடுங்கள்.

டெஸ்ட் ரைடு கால்மணி நேரமாவது வேண்டும், கடை வாசலில் ஒரு சுற்று போதாது. சீட் உயரத்தை உங்கள் அளவுக்கு வைத்த பிறகுதான் ஏறுங்கள். எல்லாக் கியரையும் மாற்றிப் பாருங்கள், இரண்டு முறை அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். டெஸ்ட் ரைடு தராத கடையில் வாங்காதீர்கள்.

8. செகண்ட் ஹேண்ட் வாங்கினால்

அதே காசுக்கு ஒரு படி மேலான கியர் கிடைக்கும். உற்சாகத்தில் வாங்கிவிட்டு ஓட்டாதவர்கள் ஐடி வட்டாரத்தில் நிறைய. ஒரிஜினல் பில்லையும் ஃபிரேம் நம்பரையும் ஒப்பிடுங்கள். நம்பர் பெரும்பாலும் பெடல் கைகளின் நடு அச்சுக்கு அடியில் இருக்கும். பில் இல்லையென்றால் திருட்டுச் சைக்கிளாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். வெல்டிங் ஓரங்களில் விரிசல் தேடுங்கள். செயின் செக்கர் வைத்துச் செயினின் தேய்மானத்தை அளக்கச் சொல்லுங்கள். கடலோர ஊரில் ஓடிய சைக்கிள் என்றால் சீட் போஸ்ட்டை உருவிப் பாருங்கள். உப்புக்காற்றில் அது ஃபிரேமோடு இறுகிப்போயிருக்கும் வாய்ப்பு உண்டு.

9. க்ரூப்பில் உங்களை எதை வைத்துக் கவனிப்பார்கள்

நேரம். ஐந்தரை என்றால் ஐந்து இருபத்தைந்துக்கு நில்லுங்கள். அடுத்தது நேர்கோடு. முன்னால் போகிறவரின் சக்கரத்துக்குப் பின்னால் வளையாமல், திடீர் பிரேக் போடாமல், குழியைக் கையால் காட்டிக்கொண்டு வருபவரை அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள். முதல் ரைடிலேயே சீனியரை முந்திக் காட்ட நினைக்காதீர்கள். எல்லோரும் களைத்திருக்கும் திரும்பும் வழியில் உங்கள் முறை வரும்போது முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்குங்கள். அதை யாரும் மறக்க மாட்டார்கள்.

பஞ்சர் போடுவதை வீட்டிலேயே பழகுங்கள். பின்சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை மாற்றி, திரும்ப மாட்ட பத்து நிமிடம். இந்தத் திறமை ஒன்றுதான் புதியவரை வேடிக்கை பார்ப்பவர் நிலையிலிருந்து வேண்டப்பட்டவராக மாற்றுகிறது. வழியில் மற்றவர் டயர் இறங்கினால் முதலில் குனிவது நீங்களாக இருங்கள். ஷூவைப் பெடலில் பூட்டும் கிளிப் பெடலுக்கு அவசரம் வேண்டாம். மூன்று மாதம் சாதாரணப் பெடலில் ஓட்டிவிட்டு, நடக்கவும் வசதியான இரண்டு போல்ட் எஸ்பிடி வகையில் தொடங்குங்கள்.

இன்று இரவே இன்சீமை அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சனிக்கிழமை இரண்டு கடைகளில், இரண்டு பிராண்டுகளில் டெஸ்ட் ரைடு எடுங்கள். அன்றே வாங்காதீர்கள். கை, கழுத்து, முழங்கால் எப்படி இருக்கின்றன என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை போன் போட்டு விலை பேசுங்கள்.