கல் வெட்டிய நிலத்தில் காடு

மாணவர்களே, தில்லியிலும் குருகிராமிலும் வெற்றிடம் எங்கிருந்தாலும் முள் நிறைந்த ஒரு மரம் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். இங்குள்ளோர் அதனை 'விலாயதி கீக்கர்' என்பர். விடுமுறையில் இராமநாதபுரம் செல்லும்போது தொடர்வண்டிச் சன்னல் வழியே தெரிவதும் அதே மரந்தான். தமிழில் அது சீமைக்கருவேலம். 'கீக்கர்' என்பது கருவேலம். 'விலாயதி' என்றாலும் 'சீமை' என்றாலும் அயல்நாட்டது என்றே பொருள். இரு மொழியினரும் ஒரே வகையாகப் பெயரிட்டுள்ளனர். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரம் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இங்கு வந்தது. நம் பாடத்தில் வரும் எதிர்நாயகன் இதுவே.

உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களுள் ஒன்றாகிய ஆரவல்லி, குஜராத்திலிருந்து தில்லி வரை நீண்டு கிடக்கிறது. குருகிராமை ஒட்டிய குன்றுகளில் கட்டடங்களுக்காகப் பல்லாண்டுகள் கல் வெட்டினர். உச்சநீதிமன்ற ஆணைகளால் அப்பணி நின்றபோது எஞ்சியவை பள்ளங்களும் கற்குவியல்களுமே. மேல்மண் போயிருந்தது. இலைமக்கும் நுண்ணுயிர்களும், முளைக்கக் காத்திருக்கும் விதைகளும் அடங்கியது அந்த மண். அஃது இல்லாத பாறையில் மழைநீர் தங்குவதில்லை. பழைய காடும் எளிதில் திரும்புவதில்லை. சீமைக்கருவேலம் மட்டும் தயங்காமல் வந்துவிடும். கால்நடைகள் அதன் நெற்றுகளைத் தின்று சாணத்தின் வழியே விதைகளைப் பரப்பும். வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து தழைக்கும். தொலைவிலிருந்து நோக்குவோர் குன்று பசுமையாகிவிட்டது என மகிழ்வர். அருகே சென்றால் அதன் நிழலில் வேறு செடிகளைக் காண்பது அரிது.

இத்தகைய நிலத்தில்தான் 2010ஆம் ஆண்டு ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா தொடங்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 380 ஏக்கர். விரைந்து வளரும் ஏதேனும் ஒரு மரத்தை வரிசையாக நட்டிருந்தால் வேலை எளிதில் முடிந்திருக்கும். பல இடங்களில் அவ்வாறே செய்கின்றனர். கணக்குக் காட்டவும் அது வசதி. சூழலியலாளர் விஜய் தஸ்மானாவும் அவருடன் உழைத்த குடிமக்களும் அவ்வழியை ஏற்கவில்லை. ஆரவல்லிக்கு உரிய மரங்களே வேண்டும் என்றனர். அவற்றின் கன்றுகளோ விற்பனையில் கிடைப்பது அரிது. எனவே எஞ்சியிருந்த காடுகளுக்குச் சென்று விதை திரட்டினர், நாற்றங்கால் அமைத்தனர்.

அவற்றுள் மிகவும் சோதித்தது 'தௌ' என்னும் மரம். நம் ஊர் வெக்காலிக்கு இது நெருங்கிய உறவு. ஆரவல்லிப் பாறைச் சரிவுகளின் தலையாய மரமாகிய இதன் விதைகளுள் பெரும்பாலானவை முளைப்பதே இல்லை. எனினும் அதனைக் கைவிட மனமில்லை. நட்டபோதும் இடமறிந்து நட்டனர். பாறைச் சரிவுக்குத் தௌவும், மணமுள்ள பிசின் தரும் சலாய் மரமும். சமவெளிக்கு வெள்வேலும் புரசும். நீர் தேங்கும் தாழ்வுக்கு நீர்க்கடம்பு. (இந்தப் புரசைத்தான் சென்னைப் புரசைவாக்கத்தின் பெயரோடு தொடர்புபடுத்துவர்.) மரங்களோடு புற்களுக்கும் புதர்களுக்கும் இடமளித்தனர், மண்ணைப் பிடித்து நிறுத்துவது புல்லின் வேரன்றோ! பள்ளி மாணவர்களும் கன்றுகள் நட்டனர்.

தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்கு வெளியே உயிர்வளம் காக்கும் இடமாக இந்தியாவிலேயே முதன்முதலில் 2022இல் அறிவிக்கப்பட்டது இப்பூங்காதான். சீமைக்கருவேலம் இன்னும் முழுமையாக அகலவில்லை. களையெடுப்பும் நிற்கவில்லை.

அருஞ்சொற்பொருள்
நெற்று – முற்றி உலர்ந்த காய்
இலைமக்கு – மட்கிய இலையுரம்
நாற்றங்கால் – கன்றுகள் வளர்க்கும் இடம்

பயிற்சி
1. கல் + குவியல் = கற்குவியல். இவ்வாறே சேர்த்து எழுதுக: கல் + சிலை, சொல் + பொருள்.
2. பசுமையாகத் தோன்றிய குன்றைக் காடு என ஏன் கூற இயலவில்லை? உம் சொற்களில் எழுதுக.
3. உம் வீட்டருகே நிற்கும் ஒரு மரத்திற்கு இங்கு வழங்கும் பெயரைக் கேட்டறிக. அதன் தமிழ்ப்பெயரைத் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு எழுதி வருக.