காது மெஷின் கீச்சிடுகிறதா?

தாத்தாவின் காது மெஷின் கூடம் வரைக்கும் கீச்சென்று கத்துகிறதா? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன்:

1. கழற்றி, மறுபடி சரியாகப் பொருத்துங்கள். இடைவெளி இருந்தால் சத்தம் கசிந்து மைக்குக்கே திரும்பும். பெரும்பாலும் கோளாறு இதுதான்.

2. அப்படியும் நிற்கவில்லையா? குரும்பி அடைத்திருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். ஹேர்பின், பட்ஸ் வேண்டவே வேண்டாம்; இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

3. இனி பராமரிப்பு: புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்துச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள். காற்று புகுந்தால்தான் ஜிங்க் பேட்டரிக்கு உயிர் வரும். உரித்ததைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், நடக்காது.

4. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்தே வையுங்கள். வியர்வை ஈரம் காயும்.

5. குளிக்க, தலைக்கு எண்ணெய் வைக்க: கழற்றிவிடுங்கள்.

6. தீர்ந்த பேட்டரி பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரி, உணவுக்குழாயை அரித்துவிடும்.