சந்தையில் ஓர் எழுத்து முழுகினால்

'அம்மா லைட்டுக்குள்ளே ஒளிந்த அந்திப்பொழுது (2).'

இப்படி ஒரு குறிப்பைப் படித்ததும் சமையலறையில் நிற்கும் ஓர் அம்மா, சுவிட்ச், இருட்டத் தொடங்கும் வாசல் எல்லாம் மனதில் வந்து நின்றுவிடும். அத்தனையும் வீண். அங்கே அம்மாவும் இல்லை, லைட்டும் இல்லை, வெறும் எழுத்துகள்தான். 'அம்மா லைட்டு' என்பதை ஒட்டிப் படித்துப் பாருங்கள், நடுவில் 'மாலை' இருக்கிறது. 'உள்ளே ஒளிந்த' என்பது அதைத் தேடச் சொல்லும் கைகாட்டி. 'அந்திப்பொழுது' விடையின் நேர்ப்பொருள். அடைப்பில் உள்ள 2, விடையின் எழுத்து எண்ணிக்கை.

கிரிப்டிக் குறுக்கெழுத்தின் அடிப்படை இவ்வளவுதான். குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ விடையின் பொருள் இருக்கும். மிச்சப் பகுதி அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டிக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு பொய்க் கதை சொல்லும். கதையை நம்பியவருக்கு விடை வராது. இந்த விளையாட்டில் நான் கற்றதையெல்லாம் ஒரே வரியில் கேட்டால், பொருளைப் படிக்காதே, எழுத்தைப் படி என்பேன்.

ஏரியூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. காலையில் பட்டா நகல், ஆதார் நகல் என்று கூட்டம் இருக்கும். மத்தியானம் பென்னாகரம் பஸ் போன பிறகு கடை காற்று வாங்கும். அப்போது கட்டத்தை விரித்துக்கொண்டு உட்காருவேன். பக்கத்து நாற்காலியில் என் மாமனார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அரைகுறை முகவரியை வைத்துக்கொண்டு சரியான வீட்டைக் கண்டுபிடித்த பழக்கம் அவருக்கு இதிலும் கைகொடுக்கிறது. நகல் எடுக்க வந்த பாட்டி ஒருவர், "ஏம்மா, கட்டம் போட்டு யாருக்கு ஜாதகம் எழுதறே?" என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டு, "எனக்குத்தான், சனி எங்க இருக்குதுன்னு பாக்கறா" என்றார்.

கலிபோர்னியாவில் 2000 டிசம்பரில் தொடங்கிய 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள்தாம் எனக்கு வாசல். நம்மூர் வார இதழ்க் குறுக்கெழுத்து 'இராமனின் தம்பி' என்று நேராகக் கேட்கும். தெரிந்தால் நிரப்பலாம், தெரியாவிட்டால் அடுத்தது. இந்தப் புதிர்களிலோ தெரியாத சொல்லையும் கட்டியே எடுத்துவிடலாம். ஆங்கிலத்தில் 'தி இந்து' நாளிதழின் கிரிப்டிக் புதிரையும் போட்டுப் பார்க்கிறேன். அதில் மாமா சேர மாட்டார்.

இது வெள்ளைக்காரர் விளையாட்டு என்று சொல்பவர்களிடம் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைக் காட்டலாம். அங்கே சித்திரகவி வகைகளில் 'வினாவுத்தரம்' என்று ஒன்று உண்டு. சின்னச் சின்னக் கேள்விகளின் விடைகளை ஒட்டினால் பெரிய விடை வரும். 'தந்துவிடு மானை, குளத்துப் பூவே (3)' என்பது அந்த வகை: தா, மரை, தாமரை. மரை ஒரு வகை மான். எங்கள் பக்கத்து ஊரே நாகமரை என்பதால் அந்தச் சொல் எனக்குச் சட்டென்று வந்தது. மெக்கானிக்காக இருந்தால் மரை என்றதும் திருகாணி நினைவுக்கு வரும், அதை வைத்தும் ஒரு குறிப்பு எழுதலாம். எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கினால் புதுச்சொல் வருவது அக்கரச்சுதகம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளிப்பது கரந்துறைச் செய்யுள். திருப்பிப் படித்தாலும் அதுவே வருவது மாலைமாற்று. புதிரில் திருப்பினால் வேறு சொல் வரவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். 'பரிசு தலைகீழாக வந்தால் தேங்காய்க்கு ஆகும் (3)' என்று ஒன்று எழுதினேன். விருதைத் திருப்பினால் துருவி.

இனி, தமிழில் புதிரை விடுவிப்பவருக்குக் கிடைக்கும் ஒரு பெரிய வசதி. பள்ளியில் இலக்கண வகுப்பில் தூங்கியவர்கள்கூட வாயால் அறிந்தது அது. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து, அதாவது 'தா' என்றால் ஒரே கட்டம், 'ந்' என்றாலும் ஒரு கட்டம். ஆங்கிலத்தில் குறுக்கே ஓர் எழுத்து கிடைத்தால் 26இல் ஒன்று தெரிந்தது. நமக்கோ 247இல் ஒன்று. அதற்கு மேல், எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது நிற்கும் என்பதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது.

'ங்' கிடைத்ததா? அடுத்த கட்டம் அநேகமாக ககர வரிசை. 'ஞ்' என்றால் சகரமோ ஞகரமோ. 'ந்' என்றால் தகரம் அல்லது நகரம். 'ம்' வந்து சொல் முடியவில்லையென்றால் முதலில் பகரத்தையும் மகரத்தையும் பாருங்கள். இரண்டு புள்ளி எழுத்து அடுத்தடுத்து வந்தால் முன்னது பெரும்பாலும் ய், ர், ழ் மூன்றில் ஒன்று: பாய்ச்சல், வேர்க்கடலை, வாழ்த்து. சொல்லின் கடைசியில் க், ச், ட், த், ப், ற் வராது. பஸ், பேங்க் மாதிரி கடன்சொற்களை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. புள்ளி எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. ஆகவே மேலிருந்து கீழாக ஒரு சொல் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறதோ, அந்தக் கட்டத்தில் குறுக்கே போகும் சொல்லின் மெய்யெழுத்து உட்கார முடியாது. குறுக்குச் சொல்லுக்கு 'சந்தை' என்று ஊகிக்கிறீர்கள், இரண்டாவது கட்டத்தில் கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்குகிறது என்றால் அந்த ஊகத்தைக் குறிப்பைப் பார்க்காமலே தள்ளிவிடலாம். புதிர் அமைப்பவர் படும் பாட்டில் பாதி இதனால்தான். விடுவிப்பவருக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.

இதுவரை சொன்னது சாதாரண கிரிப்டிக். தீம் வைத்த புதிர் வேறு ரகம். அதன் பழைய களம் பி.பி.சி.யின் 'தி லிஸனர்' வார இதழ். 1930இல் அதில் தொடங்கிய புதிர், 1991இல் இதழ் நின்றபின் 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் குடிபெயர்ந்து இன்றும் சனிக்கிழமை வருகிறது. அதில் ஒரு தலைப்பும் முன்குறிப்பும் இருக்கும். சில குறிப்புகளில் வேண்டாத ஓர் எழுத்து கிடக்கும். சில விடைகளை மாற்றித்தான் கட்டத்தில் எழுத வேண்டும். எல்லாம் நிரம்பியபின் ஒளிந்திருக்கும் ஏதோ ஒன்றைக் கண்டு கோடிட வேண்டும். 'தி கார்டியன்' நாளிதழுக்கு அராக்கேரியா என்ற புனைபெயரில் புதிர் அமைத்தவர் ஜான் கிரஹாம் என்ற பாதிரியார். 2013 ஜனவரியில் அந்த நாளிதழில் வந்த அவருடைய புதிரின் முன்குறிப்பு, அவருக்கு ஒரு நோய் இருப்பதைக் குறிப்பு எண்களால் மட்டும் சொன்னது. நிரப்பினால்தான் என்ன நோய் என்று தெரியும்: உணவுக்குழாயில் புற்றுநோய். அந்த நவம்பரில் 92 வயதில் இறந்தார். தீம் என்பது வெறும் வித்தை காட்டும் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் புதிர்தான் நினைவுக்கு வரும்.

நானும் தமிழில் ஒரு தீம் புதிர் அமைத்துப் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து நாகமரை போனால் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். படகில் ஏறினால் எதிர்க்கரை பண்ணவாடி. 1934இல் கட்டி முடித்த அணை, நிரம்பினால் 120 அடி. நீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். அதைத்தான் தீமாக வைத்தேன். முன்குறிப்பு இது: 'மூன்று விடைகளில் ஒவ்வோர் எழுத்து நீரில் முழுகிவிட்டது. மிச்சமும் சொல்லே. முழுகியவை வரிசையாகச் சேர்ந்தால், அணை வற்றும்போது வெளியே வருவது.' மூன்று குறிப்புகள்:

'பட்டணமாகவும் இருக்கும், ஓர் எழுத்தாகவும் இருக்கும் (4).'

'கடைசி இல்லாத சந்து, ஒரு மாதம், கூட்டம் கூடும் இடம் (3).'

'திருடனின் தலையோடு மீனவர் சாதனம், நீர்த்துளி (3).'

மாமா இரண்டாவதில்தான் முதலில் கை வைத்தார். சந்து கடைசி போனால் 'சந்', மாதம் தை, ஆகச் சந்தை. எழுதப் போனவர் பென்சிலை நிறுத்தினார். "என்னம்மா, சந்தைக்கு மூணு எழுத்து, கட்டம் ரெண்டுதானே இருக்குது?"

அங்கேதான் தீமின் வால் கையில் சிக்குகிறது. எண்ணிக்கையும் கட்டமும் ஒத்துப்போகாத இடத்தைத் தேடுங்கள். அது அச்சுப் பிழை என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். சந்தையில் எந்த எழுத்தை எடுத்தால் இன்னொரு சொல் மிஞ்சும்? 'ந்' போனால் சதை. மற்ற இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றும் தேறாது. இப்படி விடையையும் கட்டத்தில் எழுதுவதையும் எழுதாமல் விட்ட எழுத்தையும் ஒரு தனித் தாளில் மூன்று பத்தியாகக் குறித்துக்கொண்டே போக வேண்டும். தீம் புதிருக்கு அந்தத் தாள்தான் உயிர். என் கடையில் தாளுக்குப் பஞ்சமில்லை, பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் கழிவு நகல்களே போதும்.

அடுத்து அவர் மூன்றாவதைப் பிடித்தார். திருடனின் தலை 'தி', மீனவர் சாதனம் வலை, சேர்ந்தால் திவலை. 'தி' முழுகினால் வலையே மிச்சம். இப்போது தாளில் இரண்டாவது இடத்தில் ந், மூன்றாவதில் தி. முதல் எழுத்து தெரியாமலே மாமா "நந்தி" என்றார். பிறகு பின்னால் போனார். முதல் குறிப்பின் விடையில் ஒரு 'ந' இருந்து, அது போனால் மிச்சம் சொல்லாக வேண்டும். நகரம் பட்டணம்தான், 'ந' என்ற எழுத்தின் பெயரும் அதுவே. ந போனால் கரம். இப்படித் தீமிலிருந்து குறிப்புக்குத் திரும்பி வருவதுதான் கடினமான புதிர்களில் அதிகம் பலன் தரும் வழி. எல்லாக் குறிப்பையும் முடித்துவிட்டுத் தீமைப் பார்க்கலாம் என்று காத்திருப்பவர் பாதிக் கட்டத்தோடு நின்றுவிடுவார். கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் ஊகியுங்கள். ஊகம் இரண்டு இடத்தில் முட்டினால் தயங்காமல் கைவிடுங்கள். அதையே பிடித்துக்கொண்டு எழுத்துகளை வளைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு அன்று தூக்கம் போகும்.

முன்குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. குறிப்புகள் ஏமாற்றும், முன்குறிப்பு ஏமாற்றாது. சுருக்கமாக, மூடுமந்திரமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் நிஜம். 'மிச்சமும் சொல்லே' என்று நான் எழுதியதைக் கவனித்தவருக்குப் பாதி வேலை மிச்சம். முதலில் ஒருமுறை, நாலைந்து விடை கண்டபின் ஒருமுறை, சிக்கிக்கொண்டபோது ஒருமுறை என்று திரும்பத் திரும்ப அங்கே போங்கள்.

அகராதி பார்ப்பது திருட்டா என்று கேட்பார்கள். இல்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பக்கத்திலேயே இருக்கட்டும். அதில் கிடைக்காத பழஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் போனில் தேடலாம். ஆனால் எழுத்துகளைக் கொடுத்தால் சொல்லைப் பிசைந்து தரும் செயலிகளை நான் தொடுவதில்லை. நம் வேலையை அது செய்தால் நமக்கு என்ன மிஞ்சும்? விடை கண்டபின், குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே என்ன வேலை என்று சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள். ஒரு சொல் சும்மா நின்றால் விடை தப்பாக இருக்கலாம். விடை சரியென்றால் புதிர் அமைத்தவர் சோம்பேறி.

மாமா விடவில்லை. "இப்ப யாரும்மா திவலைன்னு பேசறாங்க? துளின்னு சொல்றோம், சொட்டுன்னு சொல்றோம். இது நியாயமா?"

நியாயம்தான் என்றேன். அரிய சொல்லை விடையாக வைத்தால் அதைக் கட்டும் வழி சுலபமாக இருக்க வேண்டும். திருடன் தலையும் மீன் வலையும் சின்னப் பிள்ளைக்கும் எட்டும். நகரம் எல்லாருக்கும் தெரிந்த சொல், அங்கே ஏமாற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சொல்லும் அரிது, வழியும் அடைப்பு என்றால்தான் அது அநியாயம்.

அவருக்கு அரை மனதுதான் சமாதானம். அடுத்த புதிரைத் தானே அமைக்கப்போவதாகச் சொல்லி, கழிவு நகல்களிலிருந்து ஒரு கட்டு தாளை எடுத்துப் போயிருக்கிறார். விடைகள் எல்லாம் தபால் சம்பந்தப்பட்டவையாம். தீம் என்னவென்று இப்போதே வெளியே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன புதிர் மாமா என்று கேட்டேன். "அது முன்குறிப்பும்மா. ஏமாத்தாதுன்னு நீதானே சொன்ன?" என்கிறார்.