இணையக் கடையில் காஞ்சிபுரம் பட்டு: போலி எது, பெயர் யாருடையது?

நுகர்வோர் பாதுகாப்பு பற்றிய பாடத்தை நடத்தும்போது கலப்படம், எடைக்குறைவு, காலாவதித் தேதி ஆகிய எடுத்துக்காட்டுகளோடு நாம் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் மாணவர்களின் வீட்டில் பொருள் வாங்கும் முறை மாறிவிட்டது. கைப்பேசியில் படத்தையும் விலையையும் பார்த்துவிட்டுப் பணம் செலுத்துகிறார்கள். தொட்டுப் பார்க்க முடியாத கடையில் பொருளின் பெயரை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரையே பிறர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஒன்பதாம் வகுப்பில் மூன்று பாடவேளைகளில் நடத்தினேன். எங்கள் பள்ளி காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. வகுப்பில் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் எடுத்துக்காட்டைத் தேடி அலையத் தேவையில்லை.

முதல் பாடவேளைக்கு, இணையக் கடைகளில் 'காஞ்சிபுரம்' என்று தேடினால் வரும் சேலைப் பக்கங்கள் சிலவற்றை அச்செடுத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். விற்பனையாளர் பெயர்களை மறைத்துவிட்டேன். பாடம் சொற்களைப் பற்றியது, கடைகளைப் பற்றியது அல்ல. பொருளின் விவரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுத வேண்டும் என்பதே செயல்பாடு. 'காஞ்சிபுரம் ஸ்டைல்', 'சில்க் பிளெண்ட்', 'ஆர்ட் சில்க்' என்றெல்லாம் இருந்தது. 'ஆர்ட் சில்க்' என்பதற்கு ஏறத்தாழ எல்லாக் குழுக்களும் 'கலைநயம் மிக்க பட்டு' என்று எழுதியிருந்தன. அந்த 'ஆர்ட்', 'ஆர்ட்டிஃபீசியல்' என்பதன் சுருக்கம், அதாவது செயற்கை இழை என்று சொன்னபோது வகுப்பே சலசலத்தது. விற்பவர் பொய் சொல்லவில்லை. படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். எனக்கு அப்பட்டமான பொய்யைவிட இதுதான் கவலை தருகிறது.

இரண்டாம் பாடவேளையில் சோதனை. பட்டு நூல் ஒன்றையும் பாலியஸ்டர் நூல் ஒன்றையும் இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் நானே எரித்துக் காட்டினேன். (மாணவர்களிடம் தீக்குச்சியைக் கொடுக்க வேண்டாம்.) பட்டு, முடி பொசுங்குவதுபோல் நாறியது, சாம்பலை விரலால் நசுக்கினால் தூளானது. பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறைந்தது. ஆனால் இந்தச் சோதனை இழை எது என்று மட்டுமே சொல்லும். எங்கே, யார், எப்படி நெய்தார்கள் என்று சொல்லாது.

அதற்குத்தான் முத்திரைகள். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் வந்த 'சில்க் மார்க்' தூய பட்டு என்பதற்கு மட்டும் உறுதி. 2006இல் வந்த கைத்தறி முத்திரை கையால் நெய்ததற்கு அடையாளம். புவிசார் குறியீடு, ஊரோடும் செய்முறையோடும் பெயரைப் பிணைக்கிறது. இதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில் இருக்கிறது. 2004-05இல் டார்ஜிலிங் தேயிலை முதலில் பதிவானது. அடுத்த ஆண்டு காஞ்சிபுரம் பட்டு. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதுதான் பொதுவான குழப்பம். விசைத்தறியில் வேறு ஊரில் நெய்த சேலைக்கும் பட்டு தூயதாக இருந்தால் சில்க் மார்க் கிடைக்கும். அது போலியில்லை. அதைக் காஞ்சிபுரம் என்று விற்றால்தான் தவறு.

இங்கே ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்க அப்பா நெய்யிற சேலையில இந்த முத்திரை எதுவுமே இல்லையே, அப்ப அது போலியா?"

இந்தக் கேள்விக்கே மீதிப் பாடவேளை முழுவதும் போயிற்று. அவள் தந்தை கோர்வைச் சேலை நெய்கிறவர். உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்க இன்னொருவர் வேண்டும். அந்தச் சேலை போலியாக முடியாது. ஆனால் சட்டம் வேறொன்றும் கேட்கிறது. பதிவு செய்யப்பட்ட பெயரைப் பயன்படுத்த, தயாரிப்பவர் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தம்மையும் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஜிஐ-3 படிவம் உள்ளது. 2020இல் விதிகளைத் திருத்தி, கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பதிவில்லாத நெசவாளரின் அசல் சேலையும், விசைத்தறி நகலும் கைப்பேசித் திரையில் ஒன்றுபோலத் தெரியும். நகலின் விலை மட்டும் குறைவாக இருக்கும். பொய்யாகக் குறியீட்டைப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த யாராவது புகார் கொடுக்க வேண்டுமே!

மூன்றாம் பாடவேளையில் தனி நிறுவனங்களின் பிராண்டுக்கு வந்தோம். இணையச் சந்தையில் ஒரே பொருளின் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் சேர்ந்துகொள்ளலாம். போலி விற்பவர் அசல் பொருளின் பக்கத்திலேயே நுழைந்து விலையைக் குறைத்துவிடுவார். அசலுக்கு மக்கள் எழுதிய பாராட்டுகள் போலிக்கும் பயன்படும். பிராண்ட் உரிமையாளர் முதலில் வணிகக்குறியைப் பதிந்திருக்க வேண்டும். பிறகு சந்தேகப்படும் பொருளைத் தாமே வாங்கி, பட்டியலையும் பொட்டலத்தையும் படமெடுத்து வைத்து, பதிவு எண்ணோடு சந்தை நிறுவனத்திடம் முறையிட வேண்டும். ஒவ்வொரு பொருளிலும் தனிக் குறியீட்டெண் அச்சிடுகிறவர்களும் உண்டு.

"அசலையே மலிவாக வாங்கி விற்றால்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. நிறுவனம் அனுமதிக்காத விற்பனையாளர் எல்லாரும் போலி விற்பவர் அல்லர். ஆம்வே நிறுவனத்தின் பொருள்களை அதன் சம்மதமின்றி விற்கக் கூடாது என்று 2019இல் டெல்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். 2020 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. முறையாக விற்கப்பட்ட பொருளை மறுவிற்பனை செய்வதை வணிகக்குறிச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. பொருளின் தன்மை மாறியிருந்தாலோ கெட்டிருந்தாலோ உரிமையாளர் எதிர்க்கலாம். இந்த வேறுபாட்டை நான் எதிர்பார்த்ததைவிட விரைவாக மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுப்பாடமாக, வீட்டில் இணையத்தில் வாங்கிய ஒரு பொருளின் விற்பனையாளர் பெயர், முகவரி, தயாரான நாடு ஆகியவற்றைக் குறித்து வரச் சொன்னேன். 2020இன் மின்வணிக விதிகளின்படி இவற்றைச் சந்தை நிறுவனம் காட்டியாக வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதையும் ஏட்டில் எழுத வைத்தேன்.

மற்ற மாவட்ட ஆசிரியர்கள் தத்தம் ஊர்ப் பொருளைக் கொண்டே இதை நடத்தலாம். ஈரோட்டு மஞ்சளும் பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019இலும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020இலும் குறியீடு பெற்றவை. கோவில்பட்டியில் இரண்டாம் பாடவேளைக்குத் தீக்குச்சி தேவைப்படாது. வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள்.