ஒரே ஆப், நாலு பிராசஸ்: மெசேஜ் எங்கே தொலையுது?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராம, மணிக்கணக்கா நின்னு மழையைக் கொட்டியது. அந்த மாதிரி ராத்திரிக்காக நீங்க ஒரு சாட் ஆப் எழுதுறீங்கன்னு வெச்சுக்குவோம். முத்தியால்பேட்டையில ஒருத்தர் "வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு"ன்னு அனுப்புறார். பிள்ளைச்சாவடி விடுதியில இருக்கிற நண்பருக்கு அது போய்ச் சேரணும்.

உங்க லேப்டாப்புல இது சரியா ஓடும். சர்வர்ல ஏத்தினதும்தான் சிக்கல் ஆரம்பிக்கும்.

1. இணைப்பு யார்கிட்ட இருக்கு?

வெப்சாக்கெட் என்பது திறந்தே இருக்கும் ஒரு இணைப்பு. அது ஏதோ ஒரு பிராசஸின் மெமரியில் மட்டும்தான் இருக்கும். நோட்.ஜேஎஸ் நம்ம ஜாவாஸ்கிரிப்டை ஒரே த்ரெட்டில் ஓட்டுவதால், 4 கோர் சர்வரை முழுசாப் பயன்படுத்த 4 பிராசஸ் ஓட்டுவோம். ஒன்றின் மெமரி இன்னொன்றுக்குத் தெரியாது.

முத்தியால்பேட்டைக்காரர் 1-வது பிராசஸில், விடுதி நண்பர் 3-வதில். மெசேஜை வாங்கிய 1-வது பிராசஸ் தன் பட்டியலைப் பார்க்கும்; "அப்படி யாரும் ஆன்லைன்ல இல்லை"ன்னு முடிவு பண்ணிடும். ரெண்டு பேரும் ஒரே பிராசஸில் விழ வாய்ப்பு 4-ல் 1 தான். எர்ரரே வராது, "சில சமயம் வருது, சில சமயம் வரலை" என்ற புகார்தான் வரும்.

ஒரே பிராசஸில் ஓட்டித் தப்பிக்கலாமா? 2025 செப்டம்பரில் ஸோஹோவின் அரட்டை ஆப்பில் புதுப் பதிவுகள் மூணே நாளில், நாளுக்கு 3,000-லிருந்து 3,50,000 ஆனதாக ஸ்ரீதர் வேம்பு சொன்னார். கூட்டம் சொல்லிட்டு வராது.

2. நடுவில் ஒரு அறிவிப்பாளர்

இதுக்கு வழக்கமான தீர்வு ரெடிஸ் பப்/சப். எல்லா பிராசஸும் ஒரு சேனலைக் கேட்டுக்கிட்டே இருக்கும். மெசேஜ் வாங்கிய பிராசஸ் அதை சேனலில் வெளியிடும். அந்த நபரின் இணைப்பு எந்த பிராசஸிடம் இருக்கோ அது கொண்டு சேர்க்கும். சாக்கெட்.ஐஓ-வில் இதுக்கு ரெடிஸ் அடாப்டர் இருக்கு.

3. ஒட்டிக்கிட்டே இருக்கணும்

சாக்கெட்.ஐஓ வழக்கமா எச்டிடிபி போலிங்கில் ஆரம்பிச்சு, பிறகுதான் வெப்சாக்கெட்டுக்கு மாறும். முதல் கோரிக்கை 1-வது பிராசஸுக்கும் அடுத்தது 2-வதுக்கும் போனா, "இந்த செஷன் ஐடி தெரியாது"ன்னு 400 பதில் வரும். அதனால ஒரு பயனர் ஒரே பிராசஸுக்கே போக வேண்டும். இதுதான் ஸ்டிக்கி செஷன்.

என்ஜின்எக்ஸில் ஐபி ஹேஷ் போட்டா போதும்னு சொல்வாங்க. விடுதி வைஃபையை யோசிங்க: எல்லாரும் ஒரே பொது ஐபியில் வெளியே போனா, அத்தனை பேரும் ஒரே பிராசஸில் குவிவாங்க, மத்த மூணும் சும்மா இருக்கும். குக்கியை வெச்சுப் பிரிக்கலாம். இல்லைன்னா போலிங்கை நிறுத்தி நேரடியா வெப்சாக்கெட் மட்டும் பயன்படுத்தலாம்.

4. ரெடிஸ் மறந்துடும்

நிறைய புராஜெக்ட் இங்கேதான் கவிழும். பப்/சப் எதையும் சேமிச்சு வைக்காது. அந்த நொடியில் கேட்காதவருக்கு அந்த மெசேஜ் இல்லவே இல்லை. மழையில் நண்பரின் நெட் பத்து நொடி போனா, "தண்ணி வந்துடுச்சு" காணாமல் போயிடும்.

இன்னொன்னு, சாக்கெட்.ஐஓ-வின் இயல்பான அமைப்பு 25 நொடிக்கு ஒரு பிங், 20 நொடி காத்திருப்பு. அதாவது நெட் போனவர் சுமார் 45 நொடி வரை "ஆன்லைன்"னே தெரியலாம்.

அதனால வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் டேட்டாபேஸில் எழுதி வரிசை எண் கொடுங்க, அப்புறம் வெளியிடுங்க. கிளையன்ட் கடைசியா வாங்கிய எண்ணை வெச்சிருக்கட்டும். திரும்ப இணையும்போது "412-க்கு அப்புறம் என்ன?"ன்னு கேட்கட்டும். பப்/சப் வேகத்துக்கு, டேட்டாபேஸ் நம்பிக்கைக்கு.

5. எல்லாரும் ஒரே நொடியில் திரும்பினால்

கரண்ட் வந்ததும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் இணைய முயற்சிக்கும். எல்லாரும் சரியா 1 நொடிக்கு ஒருமுறை தட்டினா, எழுந்த சர்வர் மறுபடி விழும். காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் கூட்டுங்க. கொஞ்சம் ராண்டமும் சேருங்க.

செஞ்சு பாருங்க

4 பிராசஸ் ஓட்டுங்க. 1 முதல் 1000 வரை எண்களை மெசேஜா அனுப்புங்க. நடுவில் மெசேஜ் வாங்குறவர் இணைஞ்சிருக்கும் பிராசஸைக் கொல்லுங்க. அந்தப் பக்கம் 1000-மும் வரிசையா, ரெட்டிப்பு இல்லாம வந்ததான்னு எண்ணுங்க. ஒண்ணு குறைஞ்சாலும், அதுதான் அந்தத் தண்ணி மெசேஜ்னு நினைச்சு 4-வது பகுதியைத் திரும்பப் படிங்க.