வீட்டுத் தோட்டத்திற்குரிய பல்லாண்டுச் செடிகள்

வீட்டுத் தோட்டம் என்றவுடன் விதைப் பொட்டலமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. கத்தரி, வெண்டை, தக்காளி, முளைக்கீரை ஆகியவற்றின் விதைகள் வழங்கப்படுகின்றன, பாத்தி அமைக்கப்படுகிறது, மூன்று, நான்கு மாதங்களில் காய்கள் கிடைக்கின்றன. பருவம் முடிந்ததும் செடிகளும் முடிந்துவிடுகின்றன. அடுத்த பருவத்திற்கு மீண்டும் விதை வேண்டும். மண்ணைக் கொத்த ஆள் வேண்டும். நாள்தோறும் நீர் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் தோட்டம் தரிசாகிறது. கோடையில் கிணறு வற்றும் வேளையில் சந்தையில் காய்கறிகளின் விலையும் ஏறிவிடுகிறது. குடும்பத்திற்குத் தோட்டம் மிகுதியும் தேவைப்படும் காலத்திலேயே அது கைவிட்டு விடுகிறது.

இக்குறையைப் பெருமளவு நீக்கவல்லவை பல்லாண்டுச் செடிகள். ஒருமுறை நட்டு முதல் கோடையைக் கடக்கச் செய்துவிட்டால், இவற்றின் வேர்கள் ஆழத்திலுள்ள ஈரத்தைத் தேடிக் கொள்கின்றன. ஆண்டுதோறும் விதை வாங்கும் செலவில்லை. வீட்டுப் பெண்களின் உழைப்பும் குறைகிறது. ஆயினும் இந்நன்மைகள் யாவும் சரியான தேர்வைப் பொறுத்தவை. கத்தரிச் செடியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் இழப்பு ஒரு பருவத்தோடு போகும். கொய்யாவைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அது தெரியவரவே மூன்று ஆண்டுகள் ஆகும்.

தேவையின் அளவு

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினரும், 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினரும் இரத்தச்சோகை உடையவர்கள் எனக் கண்டது. இரத்தச்சோகைக்கு உணவு மட்டுமே காரணமன்று; குடற்புழு, மலேரியா, பரம்பரை இரத்தக் குறைபாடுகள் போன்றவையும் காரணங்களாகும். ஆகவே தோட்டம் மருத்துவத்திற்கு மாற்றாகாது. எனினும் கீரையும் பழமும் அன்றாட உணவில் இடம்பெறுவது இக்குறையைக் களையும் வழிகளுள் ஒன்றாகும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகள், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறிகளையும் 100 கிராம் பழங்களையும் பரிந்துரைக்கின்றன. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு இக்கணக்கின்படி நாள்தோறும் 2 கிலோ காய்கறியும் அரைக் கிலோ பழமும் தேவை. சிறிய கொல்லை ஒன்று இத்தேவை முழுவதையும் நிறைவு செய்ய இயலாது. ஆனால் கீரை, பழம், புளிப்புக்கனி ஆகிய மூன்றையும் ஆண்டின் பெரும்பகுதியில் இடையறாது தர இயலும். கரும்பச்சைக் கீரைகளும் பப்பாளியும் வைட்டமின் ஏ சத்தாக மாறும் கரோட்டினை அளிக்கின்றன. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் குறைந்த அளவே ஏற்கிறது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி உடன் சேர்ந்தால் ஏற்கும் அளவு கூடுகிறது. எனவே முருங்கையையும் எலுமிச்சையையும் ஒரே கொல்லையில் வளர்ப்பது பொருளுடைய ஏற்பாடாகும்.

இடத்திற்கேற்ற தேர்வு

செடியைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு வினாக்களுக்கு விடை காணவேண்டும். அவ்விடத்தின் வெப்பமும் குளிரும் எவ்வளவு? கோடையில் எவ்வளவு நீர் மிஞ்சும்? மழைக்காலத்தில் நீர் தேங்குமா? செடி தரும் பொருளை அக்குடும்பத்தினர் விரும்பி உண்பார்களா?

நாட்டின் பழைய கொல்லைகளே இதற்குச் சிறந்த பாடமாகும். கேரளத்தின் வீட்டு வளாகங்களில் மேலே தென்னையும் பலாவும், அவற்றைப் பற்றி மிளகுக் கொடியும், நிழலில் சேனையும் சேம்பும் அடுக்கடுக்காக வளர்கின்றன. மிகுந்த மழை பெய்யும் நிலத்திற்கு இது பொருந்தும் முறை. அசாமில் ‘பாரி’ எனப்படும் வீட்டுத் தோட்டத்தில் பாக்கு, வெற்றிலை, வாழை ஆகியவற்றுடன் நீண்ட வடிவமுள்ள காஜி எலுமிச்சை இடம்பெறுகிறது. 2024ஆம் ஆண்டில் இது அம்மாநிலத்தின் பழமாக அறிவிக்கப்பட்டது. பீகாரிலும் வங்காளத்திலும் பர்வல் என்னும் கொடிக்காய் குளிர்காலத்தில் உறங்கி, வெயில் ஏறும்போது தளிர்த்து, கோடையிலும் மழையிலும் காய்க்கிறது. இராசத்தானத்தின் வறண்ட நிலத்தில் இலந்தை கோடையில் இலையுதிர்த்து ஓய்வு கொள்வதால் நீரின்றியும் உயிர் தாங்குகிறது. சோத்பூரைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு இலந்தை பொருந்துவதுபோல் வாழை பொருந்தாது.

வடஇந்தியச் சமவெளியில் உறைபனியையும் கணக்கில் கொள்ளவேண்டும். பப்பாளி, இளநெல்லி, இளமா ஆகியவை உறைபனியில் கருகக்கூடியவை. அங்கு முதல் இரண்டு குளிர்காலங்களில் கன்றுகளுக்கு வைக்கோலாலோ நாணலாலோ கூடாரம் அமைத்து, காலை வெயில் படும்படி தென்கிழக்குப் பக்கத்தை மட்டும் திறந்து விடுவது வழக்கம்.

சில முக்கியச் செடிகள்

முருங்கை: பல்லாண்டு வகைகளை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள போத்துகளை நட்டு வளர்க்கலாம். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம்.–1 இரகம் விதை மூலம் பயிராவது. ஆறு மாதங்களில் காய்ப்புக்கு வருவது. அறுவடைக்குப்பின் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டு, மறுதாம்பாக மேலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் பேணலாம். கீரைக்காக வளர்ப்போர் மரத்தை உயர விடலாகாது. கிளைகள் காற்றில் எளிதில் முறிவன; ஆகையால் கூரைக்கு அருகில் நடுதல் தகாது. நீர் தேங்கினால் வேர் அழுகும்.

கறிவேப்பிலை: பழத்திலிருந்து எடுத்தவுடன் விதையை ஊன்றவேண்டும், நாள்பட்ட விதை முளைப்பதில்லை. தாய்ச்செடியைச் சுற்றி எழும் வேர்க்கன்றுகளையும் பயன்படுத்தலாம். இடுப்பளவில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். எலுமிச்சையைத் தாக்கும் வண்ணத்துப்பூச்சியின் புழுவே இதனையும் உண்ணும். இளஞ்செடிகளில் இப்புழுக்களைக் கையால் பொறுக்கி அழிப்பதே போதுமானது.

தவசிக்கீரை: வேலியோரத்தில் குச்சிகளை நட்டு வளர்க்கத்தக்கது, ஓரளவு நிழலையும் தாங்குவது, வெட்ட வெட்டத் தழைப்பது. இதனைச் சமைத்தே உண்ணவேண்டும். 1990களில் தைவானில் இதன் பச்சைச் சாற்றை உடல் மெலிவதற்காக மிகுதியாகப் பருகியோருக்குக் கடும் நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டது. பிற கீரைகளோடு மாற்றி மாற்றி அளவுடன் சேர்ப்பதே முறை.

பப்பாளி: ஓராண்டுக்குள் பழம் தரத் தொடங்குவது. மூன்று ஆண்டுகளுக்குப்பின் விளைச்சல் குறைவதால், ஆண்டுக்கு ஒரு புதிய கன்று நட்டுவந்தால் வீட்டில் பழம் அறாது. ஓரிரு நாட்கள் நீர் தேங்கினாலும் மடிந்துவிடும், மேட்டிலேயே நடவேண்டும்.

வாழை: ஒவ்வொரு மரமும் ஒரே முறை குலை தள்ளும். தாய்மரத்தருகே ஈட்டி போன்ற இலையுடைய ஒரு பக்கக்கன்றை மட்டும் விட்டு, ஏனையவற்றை நீக்கினால் தொடர்ந்து பலன் கிடைக்கும். சமையலறை நீர் வெளியேறும் இடம் இதற்கு ஏற்றது. சலவைத்தூள் மிகுந்த நீரைத் தவிர்த்தல் வேண்டும்.

கொய்யா: அலகாபாத் சபேதா, இலக்னோ–49 ஆகியவை நன்கு அறியப்பட்ட இரகங்கள். ஆண்டுதோறும் கவாத்துச் செய்தால் மரம் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். புதிய தளிர்களிலேயே பூக்கள் தோன்றுவதால் காய்ப்பும் கூடும்.

நெல்லி: சக்கையா, காஞ்சன் போன்ற இரகங்கள் தம் மகரந்தத்தால் மட்டும் நன்றாகக் காய்ப்பதில்லை. இரு வேறு இரகங்கள் அருகருகே இருத்தல் நலம். இடம் போதாத வீட்டினர் அண்டை வீட்டாருடன் கலந்து, ஆளுக்கு ஓர் இரகமாக நடலாம்.

நடுபொருளில் கவனம்

பல்லாண்டுச் செடிகளில் ஏற்படும் ஏமாற்றம் பெரும்பாலும் நாற்றங்காலிலேயே தொடங்குகிறது. கோவை, பர்வல் ஆகிய கொடிகளில் ஆணும் பெண்ணும் தனித்தனி. விதையிலிருந்து வளர்த்தால் ஆண்கொடிகள் பல வந்துசேரும், அவை காய்ப்பதில்லை. எனவே நன்கு காய்க்கும் பெண்கொடியின் தண்டுத்துண்டுகளையே நடவேண்டும். பத்துப் பெண்கொடிகளுக்கு ஓர் ஆண்கொடி போதும். பப்பாளியிலும் பல இரகங்களில் ஏறத்தாழப் பாதிக் கன்றுகள் ஆணாகும். இரண்டு, மூன்று மரங்களே நடும் வீட்டிற்கு, ஆண்மரங்கள் தோன்றாத கூர்க் ஹனி டியூ, சூர்யா, கோ 7 போன்ற இரகங்களே ஏற்றவை.

கொய்யா, நெல்லி, மா ஆகியவற்றில் ஒட்டுக்கன்றையோ பதியன்கன்றையோ வாங்கவேண்டும். ஒட்டுக்கன்றை நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கவேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பவற்றை உடனுக்குடன் கிள்ளாவிடில் வேர்ச்செடி மேலோங்கி, நல்லினம் நலிந்துவிடும்.

நடவும் முதல் கோடையும்

முருங்கைக்கும் பப்பாளிக்கும் 45 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழியும், கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் 60 செ.மீ. குழியும், நெல்லிக்கும் மாவுக்கும் ஒரு மீட்டர் குழியும் எடுக்கலாம். குழியைச் சில வாரங்கள் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பவேண்டும். மக்காத சாணம் கறையானை அழைக்கும். பருவமழையின் தொடக்கம் நடவுக்கு உகந்தது. மிகுந்த மழை பெய்யும் பகுதிகளில் மழை தணிந்தபின் நடலாம்.

கன்றின் உயிரை முடிவு செய்வது முதல் கோடையே. தண்டைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு, காய்ந்த இலை அல்லது வைக்கோலால் மூடாக்கு இட்டால் ஈரம் காக்கப்படும். சுண்ணாம்போ வண்ணமோ பூசாத மண்பானையைக் கன்றருகே கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வேரை அடையும். ஆடு மாடுகள் உலவும் ஊர்களில் வேலியின்றி நடுவது வீண்செயலாகும்.

இரண்டு சென்ட் நிலத்திற்கு ஒரு மாதிரி

10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள 80 சதுர மீட்டர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். இது ஏறத்தாழ இரண்டு சென்ட் ஆகும். உறைபனி இல்லாத, ஓரளவு நீர் வசதியுள்ள பகுதிக்கு இம்மாதிரி பொருந்தும். உயரமானவை ஏனையவற்றின் மீது நிழல் வீழ்த்தாதபடி, வடக்கு ஓரத்தில் முருங்கை ஒன்றும் பப்பாளி இரண்டும் நடலாம். கழிவுநீர் வாயில் இரண்டு வாழை, ஒரு மூலையில் கவாத்துச் செய்யப்பட்ட கொய்யா, எதிர்மூலையில் எலுமிச்சை, வேலியில் கோவை, வேலியடியில் தவசிக்கீரை, சமையலறைக் கதவருகே கறிவேப்பிலை. நடுவிலுள்ள வெற்றிடம் பருவக் காய்கறிகளுக்கு உரியது. நீர் குறையும் ஆண்டில் நடுப்பாத்தி மட்டுமே தரிசாகும். ஓரங்கள் பசுமை மாறாது நிற்கும்.

கணக்கிட வேண்டியது எது?

1950ஆம் ஆண்டில் தொடங்கிய வன மகோத்சவம் முதல், 2018 மார்ச்சில் தொடங்கப்பட்ட போஷன் அபியான் திட்டத்தின்கீழ் ஊக்குவிக்கப்படும் ஊட்டச்சத்துத் தோட்டங்கள் வரை, கன்று நடுதல் அரசுப் பணிகளில் நிலையான இடம் பெற்றுள்ளது. வழங்கிய கன்றுகளின் தொகை ஏட்டில் எளிதாக ஏறிவிடுகிறது. குடும்பத்தின் தட்டுக்குக் கீரை வந்ததா என்பதை அத்தொகை சொல்லாது. இரண்டாம் கோடைக்குப்பின் உயிருடன் நிற்கும் செடிகள் எத்தனை, அவற்றுள் காய்ப்பவை எத்தனை, அவற்றை உண்போர் யார் என்னும் மூன்று வினாக்களே தோட்டத் திட்டத்தின் உண்மையான அளவுகோல்களாகும்.

ஐந்து வகைக் கன்றுகளை ஒரே நாளில் அளிப்பதினும், குடும்பத்தார் தாமே தேர்ந்தெடுத்த இரண்டு கன்றுகளை அளித்து, அடுத்த கோடையில் ஒருமுறை சென்று பார்ப்பது பயன் மிகுந்தது. பள்ளி மாணவர்களும் தம் தெருவிலுள்ள செடிகளை இம்மூன்று வினாக்களின்படி கணக்கெடுக்கலாம். எச்செடி எம்மண்ணில் நிலைத்தது, எது மடிந்தது என்பதை அக்கணக்கு காட்டும். அடுத்த ஆண்டின் தேர்வுக்கு அதனினும் சிறந்த வழிகாட்டி வேறில்லை.